கோலிக்குக் கழித்த நாவூறு

மாமாவுக்குச் சிட்னியில் கிடைத்த வேலை ஐஸ் வழிப்பது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஹோம்புஷில் நாங்கள் இருந்த மாடிவீட்டிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தள்ளி ஒரு சறுக்கு மண்டபம் இருந்தது. உள்ளே போனால் வெயில் காலத்திலும் மூச்சு வெள்ளைப் புகையாகத் தெரியும். தரை முழுவதும் ஐஸ். கத்தி பூட்டிய சப்பாத்துகளோடு ஆட்கள் அதன்மேல் சறுக்குவார்கள். அவர்கள் கீறிய கீறல்களை வழித்து எடுத்துவிட்டு, மேலே சுடுதண்ணீர் விட்டு, தரையை மறுபடி கண்ணாடிபோல ஆக்குவதுதான் மாமாவின் வேலை. ஐஸுக்குச் சுடுதண்ணீரா என்று கேட்காதவர்கள் இல்லை. பச்சைத்தண்ணீர் விட்டால் காற்று அகப்பட்டுப் பொருக்காக வரும், சுடுதண்ணீர் விட்டால்தான் ஒரே வழவழப்பாக இறுகும் என்று மாமா பொறுமையாகச் சொல்லுவார். கேட்டவர் போன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கணக்காளர் சோதினைக்குப் படிக்கவென்று வந்து, எங்கள் முன்னறையில் தங்கியிருந்தார். அவருடைய புத்தகங்கள் கட்டிலின் கீழே, ஊரில் கட்டிய கயிறு அவிழாமல் கிடந்தன. அம்மாவுக்கு அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும்.

"ஊரில ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? தம்பி ஐஸ் வழிக்கிறான் எண்டோ?"

"ஓம், அப்பிடியே சொல்லு. நல்லா வழிக்கிறான் எண்டும் சேர்த்துச் சொல்லு."

அப்பா பத்திரிகைக்குப் பின்னால் சிரிப்பது பத்திரிகை ஆடுவதில் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவன். படிப்பு என்று சொல்லக்கூடியது அதோடு முடிந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் கதிரையில் இருந்தேன், அவ்வளவுதான். ஆங்கிலம் காதில் ஏறியது, வாயால் வரவில்லை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பேன். ஆசிரியைகள் சில மாதங்களில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

எங்கள் கீழ்வீட்டில் இரண்டு அண்ணாமார் இருந்தார்கள். ஒருவர் பொறியியல் படித்தார், மற்றவர் மருத்துவம். அம்மா அவர்களை எஞ்சினியர் தம்பி, டொக்டர் தம்பி என்று அழைத்தார். சோதினை எழுத முதலே பட்டம் கொடுத்துவிடுவது அம்மாவின் வழக்கம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். சாப்பாட்டோடு ஐஸ் ஹொக்கியும் நடக்கும். அவர்கள் படித்த பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஐஸ் ஹொக்கி அணி இருந்தது. அது மாமாவின் மண்டபத்தில்தான் ஆடியது. மாமா அவர்களைப் பின்கதவால் உள்ளே விடுவார். ஊரில் ஐஸ்பழம் மட்டுமே கண்ட இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில் அந்த விளையாட்டின் பண்டிதர்களாகிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சுக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. எங்கள் பச்சைச் சட்டை அணிக்கும் மற்றப் பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சட்டை அணிக்கும்.

"இந்தமுறை பயமில்லை. எங்கட கோலி நிக்கிறான்," என்றார் எஞ்சினியர் அண்ணா.

"சிவப்புக்காரர் எங்களை ரெண்டுதரம் அடிச்சவங்கள். மறந்திட்டியே?" என்றார் டொக்டர் அண்ணா. அவர் எதிலும் நோயைத்தான் முதலில் பார்ப்பார்.

"அது இவன் வாறதுக்கு முதல். இவன் வந்தாப்பிறகு ஒருக்கா அடிக்கட்டும் பாப்பம்."

"அவங்களும் புதுசா ஆள் பிடிச்சிருக்கிறாங்கள். ஒருத்தன் சுவீடன்காரனாம். பனிக்குள்ள பிறந்தவன்."

"எங்கட ஆளென்ன பனங்காணிக்குள்ளயோ பிறந்தவன்? கனடா மச்சான், கனடா!"

கோலி என்பது கோலைக் காக்கிறவன். அந்தக் கனடாக்காரன் படிக்க வந்தவன். அணிக்கு ஆள் தேவை என்ற அறிவித்தலைச் சாப்பாட்டுச்சாலையில் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தானாம். அவன் சேர்ந்த பிறகு பச்சை அணி தோற்கவில்லை.

"அந்தப் பள்ளிக்கூடப் பெடியன்ர கதை தெரியுமோ?" எஞ்சினியர் அண்ணா இடியப்பத்தைப் பிசைவதை நிறுத்தினார். "பதினேழு வயசு. இடக்கையன். வருற வருசம் கம்பஸுக்கு வாறான். ரெண்டு பக்கமும் அவனைக் கேட்டு நிக்குது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாத்துப்போட்டு, வெல்லுறவங்களிட்டத்தான் போவானாம்."

"அவன் வந்தா அடுத்த அஞ்சு வருசத்துக்கு நாங்கள்தான்."

"அவன் அங்க போனா?"

"அதுதான் சொல்லுறன், கோலி நிக்கிறான் எண்டு!"

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். "நீங்கள் ரெண்டு பேரும் ஒருநாளாவது அந்தச் சப்பாத்தைப் போட்டு நிண்டு பாத்தனீங்களோ?"

"அங்கிள், கிரிக்கெட் பாக்கிறவன் எல்லாம் பட் பிடிச்சவனே?"

மாமா தண்ணீர்க் குவளையை மேசையில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் விளையாடுறவங்களைப் பாக்கிறியள். ஒருத்தரும் ஐஸைப் பாக்கிறேல்லை," என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். பல வருடமாக ஐஸுக்குப் பொறுப்பாக இருந்த கிழவர் இந்த மாதத்தோடு ஓய்வெடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஐஸை மாமா தனியே போடவேண்டும். முதலாளி வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் அந்த வேலை மாமாவுக்கு. நிரந்தரம்.

"நிரந்தரமோ?" அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். "அப்ப சோதினை?"

"சோதினை எழுதி என்ன செய்யிறது அக்கா? ஆற்றையோ கணக்கைக் கூட்டிக்கொண்டு இருக்கிறதோ? எனக்கு இது பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்காம்! அய்யா உன்னைக் காணி ஈடு வைச்சு அனுப்பினது தரை துடைக்கவோ?"

"தரை இல்லை அக்கா. ஐஸ்."

"அந்த ஐஸ் ஒருநாளைக்கு உருகி ஓடட்டும்! அப்பதான் உனக்குப் புத்தி வரும்."

அகப்பையிலிருந்து சொதி சொட்டியது. மாமா எழுந்து கை கழுவப் போனார். பேச்சைத் திருப்புவதற்காக எஞ்சினியர் அண்ணா கோலிக்குத் திரும்பினார். அவன் நின்றால் ஓர் ஈயும் உள்ளே போகாது என்றார். அவனுடைய கால் ரப்பர் என்றார். அவனைப்போல ஒருத்தன் இந்த நாட்டிலேயே இல்லை என்றார்.

"கதைச்சுக் கதைச்சு அந்தப் பிள்ளைக்கு நாவூறு வைக்கப்போறியள்," என்றார் அம்மா. அவர் அந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லை. கோபத்திலும் அவருக்கு அது பொறுக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கனடாக்காரனை எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் மாமாவோடு மண்டபத்துக்குப் போவேன். உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்துதான் அவன் தலையணைபோன்ற கால்காப்புகளைக் கட்டுவான். என்னைக் கண்டால் பெரிய கையுறையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டுவான். என் பெயரைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்குமா என்று கேட்கவில்லை. அவுஸ்திரேலியாவில் என்னைப் பேசச் சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

யாராவது ஒருவரை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சியே அவரைப் படுக்கையில் விழுத்திவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதற்கு மருந்தும் உண்டு. கைப்பிடி உப்பும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்து, ஆளை மூன்றுதரம் சுற்றி, அடுப்பில் போடவேண்டும். மிளகாய் வெடிக்கும், நாவூறு தீரும். ஹோம்புஷுக்கு வந்த புதிதில் அம்மா எனக்கு அப்படிக் கழித்தார். மிளகாய்ப் புகை மாடிப்படி முழுவதும் பரவிவிட்டது. மேல்வீட்டுக் கிழவி இருமியபடி வந்து கதவைத் தட்டினாள். அதன் பிறகு அம்மா முறையை மாற்றிக்கொண்டார். குசினித் தொட்டியில் தண்ணீர் பிடித்து, அதற்குள் போடுவார். "உப்புக் கரையக் கரைய நாவூறும் கரையும்," என்பார். போட்ட பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது. அது மட்டும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வெள்ளெனவே போய்விட்டார். அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள் புறப்படும்போது அம்மாவும் புறப்பட்டார். ஒருநாளும் வராதவர். சேலைக்கு மேலே இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தார். பெட்டிக்குள் மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் புட்டும்.

"என்ன, ஐஸ் பாக்க வாறீரோ?" என்று அப்பா கேட்டார்.

"அவன் என்னதான் செய்யிறான் எண்டு ஒருக்காக் கண்ணால பாப்பம்," என்றார் அம்மா. இரண்டு நிலையம் போன பிறகு, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நிரந்தரமெண்டால் அதுவும் நல்லதுதானே," என்றார். அதைக் கேட்டது அப்பாவும் நானும் மட்டும்.

என் கோட்டுப் பையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது.

மண்டபத்தில் நல்ல கூட்டம். எஞ்சினியர் அண்ணாவும் டொக்டர் அண்ணாவும் பச்சைச் சால்வையோடு முன்வரிசையில் நின்று, பள்ளிக்கூடப் பெடியன் எங்கே இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவையும் அப்பாவையும் அவர்களுக்குப் பின்னால் இருத்திவிட்டு, நான் நடைபாதைப் பக்கம் போனேன்.

கனடாக்காரன் அந்த வாங்கில் குனிந்து கால்காப்பு கட்டிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். பொட்டலத்தை வலது கையில் இறுக்கிப் பிடித்து, அவனுடைய முதுகுக்கு மேலே மூன்றுதரம் சுற்றினேன். அம்மா முணுமுணுக்கும் வார்த்தைகள் எனக்குத் தெரியாது. அதனால் எஞ்சினியர் அண்ணாவின் கண், டொக்டர் அண்ணாவின் கண், என்னுடைய கண் என்று மனதுக்குள் சொன்னேன். என்னுடையதையும் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம் என்று பட்டது. அவன் நிமிர்ந்து என்னைக் கண்டான். வழக்கம்போலத் தலையில் ஒரு தட்டு.

இனித் தண்ணீர் வேண்டும். கழிவறையில் குழாய் இருந்தது. ஆனால் அங்கே பெரிய பெரிய ஆம்பிளைகள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவால் போக எனக்குத் துணிவில்லை. பொட்டலத்தோடு மண்டபத்தின் கோடிக்கு வந்தேன். அங்கே கோல் வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வாசல் திறந்திருந்தது.

மாமா ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். சில்லுப் பூட்டிய பெரிய பீப்பாவை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தார். பீப்பாவுக்குப் பின்னால் ஈரத்துணி தரையோடு இழுபட்டது. துணி போன இடமெல்லாம் ஆவி எழும்பியது. அவர் கழுத்துத் துவாயால் முகத்தைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. ஒரு கோடும் விடுபடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், வயலில் வரம்பு பிடிப்பதுபோல நேராக நடந்தார். எனக்கு முன்னால் திரும்பிப் போனபோது என்னைக் காணவில்லை. அவருடைய கண் தரையை விட்டு எழும்பவில்லை.

அவர் போன வழியெல்லாம் தண்ணீர் மினுங்கியது.

தண்ணீர்தானே. தொட்டித் தண்ணீர் என்ன, இது என்ன? போதாததற்கு அவன் நிற்கப்போகிற இடமே அதுதான். மாமா தூரத்து வாசலால் வெளியேறும்வரை காத்திருந்தேன். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, என்னால் முடிந்த பலத்தோடு, தரைக்குள் கோலின் சிவப்புக் கோடு தெரிந்த இடத்தை நோக்கி வீசினேன். திரும்பிப் பார்க்காமல் வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

"எங்கயடா போனனீ?"

"ஒண்டுக்கு."

வெள்ளை ஐஸில் உப்புத் தெரியவில்லை. சிவப்புக் கோட்டில் மிளகாய் தெரியவில்லை. தரை இறுகிய பிறகு இரண்டு பேர் கோல் சட்டத்தைத் தூக்கிவந்து அதன்மேல் வைத்தார்கள். முதலாளி ஓரமாக நின்று கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். மாமாவிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். மாமா எங்கள் பக்கம் திரும்பினார். அம்மா வந்திருப்பதை அப்போதுதான் கண்டார். கையை உயர்த்தினார். அம்மாவும் கையை உயர்த்தினார். "வடிவாத்தான் போட்டிருக்கிறான்," என்று அப்பாவிடம் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. சிவப்புக்காரரின் சுவீடன்காரன் இரண்டுதரம் தனியே வந்தான். இரண்டுதரமும் கனடாக்காரன் காலை நீட்டி ரப்பர் வட்டைத் தடுத்தான். எஞ்சினியர் அண்ணா எழும்பி நின்று கத்தினார். கோலின் வலதுபக்கம் தரை மங்கி, ஈரம் பிடித்ததுபோல ஒரு திட்டு வரத்தொடங்கியதை நான் கண்டேன். மற்றவர்கள் கண்டார்களோ தெரியாது. உப்புக் கரைகிறது, நாவூறும் கரைகிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அந்த மண்டபத்தில் அவ்வளவு பேருக்கும் தெரியாத ஒன்றை நான் செய்திருக்கிறேன். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாமல்.

மூன்றாம் முறை சுவீடன்காரன் வலதுபக்கத்தால் வந்தான். கனடாக்காரன் இடக்காலால் தள்ளி வலதுபக்கம் சறுக்கினான். அவனுடைய கத்தி அந்தத் திட்டில் இறங்கி நின்றுவிட்டது. கால் நின்றது, உடம்பு நிற்கவில்லை. முழங்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியது. அவன் எழுப்பிய சத்தம் கூரைத் தகரம்வரை கேட்டது.

நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா சுரண்டியோடு ஓடி வந்து முழங்காலில் இருந்தார். தரை கோழி கொத்தியதுபோலப் பொத்தல் பொத்தலாகக் கிடந்தது. சுரண்டினார். சுரண்டிய கை நின்றது. ஏதோ ஒன்றை விரல் நுனியால் எடுத்தார். எனக்கு அது என்னவென்று தெரியும். அவ்வளவு தூரத்தில் இருந்தும் அதன் நிறம் தெரிந்தது.

மாமா நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார்.

அந்தப் பார்வை இப்போதும் எனக்கு முன்னால் நிற்கிறது. கோபம் என்று சொல்ல முடியாது. நம்பமுடியாமல் பார்ப்பதுபோல, மறுபடி மறுபடி ஒரே இடத்தில் கண் வந்து நின்றது. பிறகு அவர் கையை மூடினார். மூடிய கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். வெறுங்கையாக எடுத்தார்.

முதலாளி குனிந்து தரையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுழித்தது. அவர் கேட்டதும் மாமா சொன்னதும் எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகுதான் எஞ்சினியர் அண்ணா கேட்டுவந்து சொன்னார். தரைக்குக் கீழே குழாய்களில் ஓடுவது குளிரூட்டிய உப்புத்தண்ணீர். அதைக் கலக்கும் வாளியை மாமா கழுவாமல் எடுத்து, கோலடியில் தண்ணீர் விட்டுவிட்டாராம். தன் பிழைதான் என்று அவரே ஒப்புக்கொண்டாராம்.

பச்சை அணி தோற்றது. கனடாக்காரனுக்குப் பதிலாக நின்ற மெலிந்த பையன் ஆறு கோல் உள்ளே விட்டான். இடக்கைப் பெடியன் அடுத்த வருடம் சிவப்புச் சட்டை போட்டான் என்று கேள்வி. கனடாக்காரன் அந்த முழங்காலோடு ஊருக்குத் திரும்பிவிட்டான் என்றும் கேள்வி. நான் அந்த மண்டபத்துக்கு மறுபடி போகவில்லை. மாமாவும்தான். கிழவருடைய வேலைக்கு வேறொருவர் வந்தார்.

அன்று ரயிலில் மாமா எங்களோடு இருக்கவில்லை. பெட்டியின் மறுகோடியில் நின்றுகொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, புட்டைச் சூடாக்கி, தட்டில் போட்டு வைத்தார்.

"என்னடா தம்பி நடந்தது? வாளியைக் கழுவாமல் விடுற ஆளே நீ?"

மாமா தட்டைப் பார்த்தார். "உங்கட விருப்பம்போல நடந்திட்டுது, அக்கா. பிறகென்ன?"

அதுவரை அம்மாவை அவர் 'நீ' என்றுதான் பேசியவர். அம்மா அதைக் கவனிக்கவில்லை. தம்பி மனமுடைந்து பேசுகிறான் என்று நினைத்து, அவனைத் தேற்றப் பார்த்தார்.

"போனாப் போகட்டும். எல்லாம் நன்மைக்குத்தான். இனியாவது அந்தப் புத்தகக் கட்டை அவிழ்."

மாமா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார். இரண்டு கிழமையில் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை. புத்தகக் கட்டு எங்கள் முன்னறைக் கட்டிலின் கீழேயே கிடந்தது.

அதன் பிறகு அவர் வந்தார், போனார். கலியாணங்களுக்கு வருவார். வருடப் பிறப்புக்கு அப்பாவின் பெயருக்கு ஒரு வாழ்த்துமடல் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி மட்டும் குடிப்பார். அம்மா கத்தரிக்காய் பொரித்து வைத்துக்கொண்டு நிற்பார். "சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்," என்பார் மாமா, யாரையும் பார்க்காமல். அவர் போன பிறகு அம்மா குசினியில் நின்று என்னிடம் கேட்பார்: "நான் என்ன பிழை விட்டனான், சொல்லு பாப்பம். வேலை போனதுக்கு நானே காரணம்?" அழுதுகொண்டே குழம்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பார்.

நான் மேசையைப் பார்ப்பேன். மாமாவுக்கு எல்லாம் தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார், நான் வாய் திறந்தால் அவர் கட்டிக்காத்தது வீணாகிவிடும் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். என்மேல் இருக்கிற கோபத்தை அவர் வீட்டின்மேல் காட்டுகிறார் என்றும் நினைத்தேன். அதனால் அவர் வரும் நாட்களில் மாடிப்படியிலேயே நேரத்தைப் போக்குவேன். பதினைந்து வயதில் வேலைக்குப் போன பிறகு அதற்கு வசதியாக இரவு முறை வேலை இருந்தது.

அம்மா காலமானபோது மாமா மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னில் மகளோடு இருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தார். ஊன்றுதடி பிடித்திருந்தார். மெல்பேர்னுக்குப் போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் வீட்டில், படைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். கத்தரிக்காயை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சனம் போன பிறகு பின்முற்றத்தில் கதிரை போட்டு இரண்டு பேரும் இருந்தோம்.

"மருமோன், ஒண்டு சொல்லோணும்," என்றார். "உன்ர அம்மா அண்டைக்கு அந்த உப்பைப் போட்டது என்னில இருந்த பட்சத்திலதான். நான் படிச்சு ஆளாக வேணும் எண்ட ஆசை. ஐஸ் உருகட்டும் எண்டு சொல்லிப்போட்டு, தானே வந்து உருக்கிப்போட்டா. மூண்டு செத்தல் மிளகாய். எனக்கு அந்தக் கோவம் ஆற இவ்வளவு காலம் எடுத்திட்டுது. அவ இருக்கேக்க வந்து சாப்பிட்டிருக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் அவர் ஆற்றிக்கொண்ட கோபமும், சாப்பிடாமல் போன அத்தனை நாட்களும் என்னவாகும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் மாமா," என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அடுத்த மழைக்காலம் அவரும் போய்விட்டார்.

அன்று மண்டபத்தில் மாமா நிமிர்ந்து பார்த்தபோது எனக்குப் பத்து வயது. அவர் என்னைத்தான் பார்க்கிறார், என்னைத்தான் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு, தம்பிக்கு என்ன நடந்ததோ என்று அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.